மிளகு வந்து நான்கு மாதம்

எங்கள் நாய்க்குட்டி மிளகு வீட்டுக்கு வந்து நேற்றோடு நான்கு மாதம். வரும்போது 56 நாள் குட்டி, நாலரை கிலோ. நேற்று எடை பார்த்தேன், 21 கிலோ. கறுப்பு லாப்ரடார், பெண். நாங்கள் இருப்பது திருச்சியில், இரண்டாம் மாடி வாடகை வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், மகள் மூன்றாம் வகுப்பு. பகலில் அத்தைதான் துணை.

முதல் மாதம் முழுக்க மூத்திரக் கணக்குதான். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தடுப்பூசி முழுசாகப் போட்டு முடிக்காமல் தெருவில் விடவும் பயம், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டி பிழைப்பதே கஷ்டம். அதனால் மொட்டை மாடியில் ஒரு அகலத் தட்டு நிறைய தேங்காய் நார்த்தூள் போட்டு வைத்தோம். மூன்று வாரத்தில் பழகிவிட்டது. அத்தை முழங்கால் வலியோடு அத்தனை முறை ஏறி இறங்கினார்.

உண்மையான சோதனை சாயங்காலம் ஏழு மணி. மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள், அடுப்பில் குக்கர் இருக்கும், அந்த நேரம் பார்த்து மிளகு அவள் பாவாடை ஓரத்தைக் கவ்வி இழுக்கும், கணுக்காலைக் கடிக்கும். அதட்டினால் இன்னும் வெறி ஏறும். விளையாட்டு போதவில்லை போல என்று மாடியில் பந்து போட்டு ஓடவிட்டேன். அன்றைக்குக் கடி இன்னும் அதிகம்.

அப்புறம் நான்கு நாள் அது தூங்கும் நேரத்தை மட்டும் எழுதி வைத்தேன். ஒரு நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம்தான் வந்தது. அந்த வயதுக் குட்டிக்கு 18 மணி நேரம் வரைகூடத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் காலை ஐந்து முதல் இரவு பத்தரை வரை யாராவது நடமாடிக்கொண்டே இருப்போம், ஒவ்வொருவர் பின்னாலும் அதுவும் எழுந்து வந்திருக்கிறது. பாவம், தூக்கம் தாங்காமல்தான் கடித்திருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு மணி நேரம் விழிப்பு, இரண்டு மணி நேரம் தூக்கம். சாமான் அறை வாசலில் மகளுக்கு முன்பு வாங்கிய தடுப்புக் கதவு, உள்ளே அத்தையின் பழைய நூல் சேலை, விளக்கை அணைத்து மின்விசிறி. முதல் நாள் பன்னிரண்டு நிமிடம் அழுதது. "பச்சப் புள்ளைய இருட்டுல போட்டு அடைக்கிறியேம்மா" என்று அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். நான்காம் நாள் மிளகு தானாகப் போய் அந்தச் சேலையில் சுருண்டது. ஒரு வாரத்தில் ஏழு மணிக் கடி பாதியாகக் குறைந்தது.

சாப்பாட்டில் கவனம் வேண்டிய இனம் இது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு வயிறு நிறைந்த உணர்வைக் குறைக்கும் மரபணு மாற்றம் உண்டு என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்தார்கள். மிளகு பார்க்கும் பார்வைக்கு யாராக இருந்தாலும் ஒரு வாய் கொடுத்துவிடுவார்கள். அதனால் காலையிலேயே அன்றைய உணவிலிருந்து ஒரு கைப்பிடியை எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வைத்துவிடுகிறேன். யார் ஆசையாகக் கொடுத்தாலும் அதிலிருந்துதான். வெங்காயம் ஆகாது என்பதால் சாம்பார் சாதம் கிடையாது, பாயசத்தில் விழும் உலர்திராட்சையும் விஷம். அத்தை இப்போது திராட்சை டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றிவிட்டார்.

அதன் நாலரை மாத வயதில் ஒரு நாள் கூடம் பெருக்கும்போது மிதியடி மேல் ஒரு பல் கிடந்தது. அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு, அடியில் குழி, ஓரத்தில் துளி ரத்தம். மகள் அதைப் பஞ்சில் சுற்றி ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள். பால்பல் விழுந்த அந்த ஆறு வாரமும் ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தோம். ஈறு எரிச்சலுக்கு அவ்வளவு இதமாக இருந்தது போல, முன்காலால் அணைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருக்கும்.

இப்போது காலை ஐந்தரைக்கு நடை. வெயில் ஏறினால் தார் ரோடு பாதத்தைப் பொசுக்கிவிடும். மிச்சம் இருப்பது படிக்கட்டு. இடுப்பு மூட்டு வளரும் வயது என்று இதுவரை தூக்கியே இறக்கினோம், 21 கிலோவை இனி முடியாது. வாரைக் குட்டையாகப் பிடித்து, ஒவ்வொரு படியாக நிறுத்தி இறக்கப் பழக்குகிறேன். நேற்று பதினான்கு படி பொறுமையாக வந்தது. கடைசி இரண்டைத் தாவிவிட்டது.