நடந்து போகிறவர்களையும் எண்ணினோம்

எங்கள் நகரத்தின் வளர்ச்சித் திட்டமான மாஸ்டர் பிளானின் வரைவு வெளியானதும் நான் முதலில் தேடியது எங்கள் தெருவைத்தான். குடியிருப்பு மண்டலமாக இருந்தது வணிக மண்டலமாகியிருந்தது. பக்கத்துச் சாலை ஆறு வழிச்சாலையாகிறது.

ஆட்சேபணைக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதிய இரண்டு பக்கம் முழுக்கக் கோபம்தான். அதைப் படித்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், "இதைக் கோப்பில் வைத்துக் கட்டிவிடுவார்கள். எந்தப் பக்கத்தில் எந்தக் கணக்கு தப்பு என்று எழுதுங்கள்" என்றார்.

அப்புறம்தான் திட்டத்தின் பின்னிணைப்புகளைப் புரட்டினேன். சாலையின் நெரிசலைக் கார் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு பேருந்து சுமார் மூன்று காருக்குச் சமம். அதில் 60 பேர் வந்தாலும் அதே மூன்றுதான். நடந்து போகிறவருக்கோ எண்ணே இல்லை. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. நிலப் பயன்பாட்டு அத்தியாயம் கூடுதல் மாடிகளுக்கு அனுமதி தருகிறது. போக்குவரத்து அத்தியாயமோ பழைய மக்கள்தொகையை வைத்தே வாகனங்களைக் கணித்திருக்கிறது. மாடி கூடினால் ஆள் கூடும், ஆள் கூடினால் பயணமும் கூடும். இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துப் படிக்கவில்லை!

சரி, சாலையில் போகிறவர்களை நாமே எண்ணுவோம் என்று தெருக்காரர்கள் நாலு பேர் கிளம்பினோம். காலை 8 முதல் 10, மாலை 4 முதல் 6. ஆளுக்கொரு திசை, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம், ஐந்து ஐந்தாகக் கோடு. பள்ளி விட்டதும் கோடு போட்டு மாளவில்லை. ஒரு சிறுமி தம்பியின் புத்தகப் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையின் நடுத்திட்டில் நின்றாள். வண்டிகள் விடவே இல்லை. பேனாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இருவரையும் சாலையைக் கடக்க வைத்தேன். அந்தக் கட்டத்தில் என் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். எங்கள் தாள்களைக் கொடுத்தேன். இரண்டு அத்தியாயங்களின் மக்கள்தொகைக் கணக்கையும் அடுத்தடுத்துப் படித்தேன். அதிகாரி தன் பிரதியைத் திறந்து பக்க எண்ணை மறுபடி கேட்டார்.

இறுதித் திட்டத்தில் சாலையின் அகலம் குறையவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் வணிக மண்டலம் பேருந்து நிறுத்தத்திலிருந்து 400 மீட்டருக்குள், ஐந்து நிமிட நடைக்குள் சுருங்கியது. பள்ளி முன்னால், அந்தச் சிறுமி நின்ற இடத்தில், பாதசாரிகளுக்கு ஒரு சிக்னலும் சேர்ந்தது.