நகரம் என்ற தட்டில் கிளிநொச்சி இல்லை: வன்னி நகரொன்றை ஆய்வு செய்ய நூலகத்தைப் பயன்படுத்துவது

வன்னி நகரொன்றைப் பற்றி ஆய்வேடு எழுத உட்காருபவர் முதலில் செய்வது, நூலகக் கணினிப் பட்டியலில் 'கிளிநொச்சி நகரம்' என்று தட்டுவதுதான். இரண்டோ மூன்றோ விடை வரும். அதில் ஒன்று போரைப் பற்றியதாக இருக்கும். உடனே "தரவு இல்லை சேர்" என்று மேற்பார்வையாளரிடம் போய் நின்று, தலைப்பை யாழ்ப்பாணத்துக்கு மாற்றிக்கொள்பவர்கள் பலர். தரவு இருக்கிறது. நகரம் என்ற பெயரில் அதை யாரும் அடுக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

காரணம் நிருவாகத்தில் இருக்கிறது. இலங்கைத் தொகைமதிப்பில் நகர்ப்புறம் என்பது மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வருவது மட்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தோடு பட்டின சபைகள் பிரதேச சபைகளுக்குள் கரைந்தன. அன்றிலிருந்து அந்த இடங்கள் கணக்கில் கிராமம். கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள்ளும், முல்லைத்தீவு நகரம் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்குள்ளும் இருப்பதால், 2012 தொகைமதிப்பில் இந்த இரண்டு மாவட்டங்களின் நகர்ப்புறச் சனத்தொகை பூச்சியம். ஏ9 வீதியின் இரு பக்கமும் வங்கியும் கடையும் நிரம்பி நிற்க, அட்டவணை பூச்சியம் என்கிறது. வவுனியா, மன்னார் நகரங்களுக்கு அப்போதே நகர சபை இருந்தது. அவற்றுக்குத் தனி எண் கிடைக்கும். வன்னியின் இந்த நான்கு மாவட்டங்களையும் ஒரே அட்டவணையில் போட்டு 'நகராக்க வீதம்' கணித்தால், வருவது நகராக்கத்தின் அளவு அல்ல, உள்ளூராட்சி மன்றத்தின் வகை. ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் பிழை இது.

ஆகவே தேடும் சொல்லை மாற்றவேண்டும். கிளிநொச்சி, இரணைமடுக் குளத்தை நம்பி வந்த குடியேற்றத் திட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர். அதன் பழைய கதை 'நீர்ப்பாசனம்', 'குடியேற்றத் திட்டம்', 'காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்' ஆகிய தலைப்புகளில் கிடக்கிறது. 2009க்குப் பிந்தியது 'மீள்குடியேற்றம்', 'வீடமைப்பு', 'புனர்நிர்மாணம்' என்று போகும். ஆங்கிலப் பட்டியலில் எழுத்துக்கூட்டல் இன்னொரு தலையிடி. வன்னியை 'வி'யில் தொடங்கியும் எழுதுவார்கள், 'டபிள்யூ'வில் தொடங்கியும் எழுதுவார்கள். கிளிநொச்சியின் கடைசி எழுத்து 'ஐ'யா 'வை'யா என்பதிலும் ஒற்றுமை இல்லை. முல்லைத்தீவில் 'எச்' வரலாம், வராமலும் போகலாம். பெயரின் முதல் ஐந்தாறு எழுத்தைத் தட்டி, பின்னால் உடுக்குறி (*) போட்டால் பெரும்பாலான வடிவங்கள் அகப்படும். வன்னிக்கு மட்டும் முதலெழுத்தே மாறுவதால் இரண்டு முறை தேடத்தான் வேண்டும்.

இனித் தட்டுகள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் நகரத் திட்டமிடல் ஒரே இடத்தில் இல்லை. வடிவமைப்பாகப் பார்க்கும் நூல்கள் 711இல். சமூகவியலாகப் பார்ப்பவை 307.1216, 307.76 பக்கம். நகரக் காணி 333.77, வீடமைப்பு 363.5, நகரப் போக்குவரத்து 388.4, குடிநீரும் கழிவுநீரும் 628, காணிப் பயன்பாட்டுச் சட்டம் 346.045, இலங்கைப் புள்ளிவிபரம் 315.493, இலங்கை வரலாறு 954.93. கட்டடக்கலைத் தட்டோடு திரும்பிவிடுபவருக்கு 711 மட்டும்தான் கிடைக்கும்; அதில் பாதி ஐரோப்பிய நகரங்களைப் பற்றியது. 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கையேடு போன்றவை திறந்த தட்டில் இராது. இலங்கைச் சேகரிப்பு என்ற தனிப் பகுதியில் கேட்டால், அங்கேயே இருந்து வாசிக்கத் தருவார்கள், இரவல் இல்லை. கொப்பி எடுக்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நூலின் நிலையைப் பொறுத்துத்தான் விடை வரும்.

எந்த நூலகம் என்பதும் முக்கியம். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில். நீர், வீதி, மண், பாசனம் சார்ந்தவற்றுக்கு அந்த வளாகம் போதும். புவியியல், வரலாறு, சமூகவியல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள பிரதான நூலகத்தில். ஆக ஒரே தலைப்புக்கு இரண்டு இடமும் போகவேண்டிவரும். பஸ் ஏறுமுன் பட்டியலில் 'இருப்பிடம்' என்ற வரியைப் பாருங்கள். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஓகஸ்ட் 1இல்தான் தனிப் பல்கலைக்கழகமானது. அதற்கு முன் யாழ். பல்கலைக்கழகத்தின் வளாகம். அந்தக் கால வெளியீடுகளை இரண்டு பட்டியலிலும் தேடவேண்டும். இளமாணி ஆய்வேடுகள் பெரும்பாலும் நூலகத்துக்கே வருவதில்லை. துறை அலுவலக அலுமாரியில் இருக்கும், எந்த இணையப் பட்டியலிலும் தெரியாது. வன்னி நகர்களைப் பற்றிய மிக நுணுக்கமான கள அளவீடுகள் அங்கேதான் தூசி படிகின்றன. வெளியார் என்றால் துறைத்தலைவரின் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள்.

நாட்டில் நகரத் திட்டமிடலைத் தனித் துறையாக நடத்துவது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அதன் இணையக் களஞ்சியத்தில் ஆய்வேட்டுப் பதிவு பலவற்றில் மூன்று கோப்பு இருக்கும்: முன்பகுதி, பின்பகுதி, முழு ஆய்வேடு. முழுக் கோப்பு பூட்டியிருந்தால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். முன்பகுதியில் பொருளடக்கமும் அட்டவணைப் பட்டியலும், பின்பகுதியில் உசாத்துணைகளும் பின்னிணைப்புகளும் இருக்கும். பின்னிணைப்பில் வினாக்கொத்து அகப்பட்டால் அரை மாத வேலை மிச்சம். முழுப் பிரதி வேண்டுமென்றால் எந்த அத்தியாயம், எந்தப் பக்கம் என்று குறித்து உங்கள் நூலகர் மூலமாகக் கேளுங்கள். "முழுவதும் அனுப்புங்கள்" என்ற தனிப்பட்ட மின்னஞ்சலுக்குப் பதில் வருவது அரிது.

ஊர்க் கதைக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தை விட்டுவிடவேண்டாம். பாடசாலை ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், கூட்டுறவுச் சங்க மலர் எல்லாம் நகரத் திட்டமிடலுக்கு என்ன உதவி என்று தோன்றும். பின் அட்டை விளம்பரங்களைப் பாருங்கள். எந்தச் சந்தியில் எந்தக் கடை, எந்த ஆண்டில் என்பது அங்கே இருக்கும். போரில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) ஆவணங்கள் அழிந்துபோன ஊர்களுக்குக் காணிப் பயன்பாட்டை மீள வரைய இதைவிட நல்ல சான்று அதிகமில்லை.

புள்ளிவிபரத்தில்தான் கால் சறுக்குவது அதிகம். 1981 தொகைமதிப்பு நூலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 830,552. பின்னால் வந்த அட்டவணைகளில் அதே 1981க்கு 738,788. எதுவும் பிழையல்ல. 1984 பெப்ரவரியில் கிளிநொச்சி தனி மாவட்டமானபின் அதன் 91,764 பேரைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்; கூட்டிப் பார்த்தால் சரியாக வரும். முல்லைத்தீவு 1978இல் பிரிந்தது. அதனால் 1971 தொகைமதிப்பின் வவுனியாவும் 1981இன் வவுனியாவும் ஒரே நிலப்பரப்பு அல்ல. 1971ஐயும் 1981ஐயும் அடுத்தடுத்து வைத்து வளர்ச்சி வீதம் கணித்தால், வவுனியாவில் சனத்தொகை வளராமலே நின்றதுபோல ஒரு மாயம் தெரியும்.

அடுத்தது 2001. அந்தத் தொகைமதிப்பு முழுமையாக நடந்தது 18 மாவட்டங்களில் மட்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு அந்த ஆண்டில் காணும் எண் மதிப்பீடு, எண்ணிக்கை அல்ல. எனவே வன்னிக்கு உண்மையான எண்ணிக்கை 1981க்குப் பிறகு 2012இல்தான்: கிளிநொச்சி 113,510, முல்லைத்தீவு 92,238, வவுனியா 172,115, மன்னார் 99,570. இடையில் 31 ஆண்டு. அந்த இடைவெளியை நேர்கோட்டால் நிரப்பி வரைபு போடுபவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. இடையில் நடந்த இடப்பெயர்வு ஒவ்வொன்றும் அந்தக் கோட்டுக்குள் புதைந்துவிடும். கோட்டை முறித்து, வெற்றிடமாகவே விடுங்கள்.

மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கையேடு ஆண்டுதோறும் எண் தரும். ஆனால் அது கிராம அலுவலர் பதிவிலிருந்து வருவது. பதிவு இங்கே இருக்க ஆள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கலாம். தொகைமதிப்பு எண்ணோடு அதை ஒரே நிரலில் போடக்கூடாது. எல்லைகளும் ஒன்றல்ல. கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலகம் 4, பிரதேச சபை 3. கரைச்சிப் பிரதேச சபைக்குள் கரைச்சி, கண்டாவளை ஆகிய இரண்டு செயலகப் பிரிவும் அடங்கும். கரைச்சிப் பிரதேச சபையின் குப்பை அகற்றல் தரவை, கரைச்சிச் செயலகத்தின் 42 கிராம அலுவலர் பிரிவுக்கான சனத்தொகையால் வகுத்தால், கண்டாவளையின் 16 பிரிவும் கணக்கில் ஒரு பக்கம் மட்டும் ஏறிவிடும். நகரம் என்று எதைச் சொல்கிறீர்களோ, அந்தக் கிராம அலுவலர் பிரிவுகளின் பெயரையும் இலக்கத்தையும் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.

வரைபடத்துக்கு வருவோம். நூலகத்தில் இரண்டு தலைமுறைத் தாள்கள் கிடைக்கும். ஒன்று பழைய ஒரு அங்குலத் தாள், 1:63,360. மற்றது மெற்றிக் தாள், 1:50,000. நாடு முழுவதற்கும் 92 தாள். தாளின் ஓரத்தில் அச்சிட்ட ஆண்டும் திருத்திய ஆண்டும் வேறாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது திருத்திய ஆண்டு. வன்னித் தாள் பலவற்றில் இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி உண்டு. கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் ஓரங்கள் வளையும்; 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். 1:50,000 தாளில் அப்போது ஒரு புள்ளி நிலத்தில் 4.2 மீட்டர். தாளில் அரை மில்லிமீட்டர்க் கோடே 25 மீட்டர் என்பதையும் மறக்கவேண்டாம். இந்தத் தாளை வைத்து, கடை வாசல் வீதியிலிருந்து எவ்வளவு பின்தள்ளி நிற்கிறது என்று அளக்க முடியாது.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தாளைப் பொருத்தும்போது வருவது ஆள்கூற்றுச் சிக்கல். பழைய கண்டவளைத் தொகுதியில் (இது நமது கண்டாவளை அல்ல, மேற்கே உள்ள கண்டவளை) பொய்த் தொடக்கம் (தொடக்கப் புள்ளிக்குக் கொடுத்த கிழக்கு, வடக்கு எண்) 200,000, 200,000. 1999 தொகுதியில் 500,000, 500,000. மென்பொருளில் தொகுதியைத் தெரிவுசெய்யும் இபிஎஸ்ஜி இலக்கம் முறையே 5234, 5235. கிளிநொச்சி நகரம் பழையதில் ஏறத்தாழ கிழக்கு 160,000, வடக்கு 465,000; புதியதில் 460,000, 765,000. நகரம் எங்கோ கடலுக்குள் போய் விழுந்தால், முதலில் இந்த 300,000 வித்தியாசத்தைப் பாருங்கள். விழாமல், நூறு மீட்டருக்கு மேல் மட்டும் விலகி நின்றால், டேட்டம் (புவியின் வடிவத்துக்கு எடுத்த அடிப்படை) மாற்றம் விடுபட்டிருக்கிறது என்று பொருள். அது இன்னும் ஆபத்து, கண்ணுக்குச் சரிபோலத் தெரியும். தாளிலும் நிலத்திலும் இடம் தெரிந்த கட்டுப்பாட்டுப் புள்ளி குறைந்தது ஆறு எடுங்கள். குளத்தின் நீர்க்கரையை எடுக்கக்கூடாது, பருவத்துக்குப் பருவம் மாறும். அணைக்கட்டின் முனை, துருசு (மதகு), ரயில் கடவை நல்லவை. போருக்குப் பின் அகலமாக்கிய வீதியின் வளைவுகளைத் தவிருங்கள்.

செய்மதிப் படம் இலவசம். லான்ட்சாட் 5, 1984 முதல் 30 மீட்டர் துல்லியத்தில். சென்ரினல் 2, 2015 முதல் 10 மீட்டரில். லான்ட்சாட் 7இன் படங்களில் 2003 மே 31க்குப் பிறகு கறுப்புக் கோடுகள் விழும்; கருவியில் ஒரு பகுதி பழுதானது. வன்னியில் கூடுதல் தொல்லை வயல். அறுவடை முடிந்த வெற்று வயலும் கிரவல் வீதியும் தகரக் கூரையும் கணினி வகைப்பாட்டில் ஒன்றாகிவிடும். ஓகஸ்ட் படத்தை மட்டும் வைத்து 'கட்டட நிலம் இருமடங்கானது' என்று எழுதியவை உண்டு. பயிர் பச்சையாக நிற்கும் மாதமொன்றின் முகில் இல்லாத படத்தையும் வயல் வெறுமையான மாதத்துப் படத்தையும் சேர்த்து வகைப்படுத்துங்கள். இரண்டிலும் பச்சையாகாத இடமே கட்டட நிலத்துக்கு அண்மையானது.

சட்டத்தில் சுருக்கமாக: 1946இன் நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டமும், 1978இன் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அடிப்படை. நூலகப் பாடநூல்கள் காட்டும் 1986 கட்டட ஒழுங்குவிதிகளைப் பிரதிபண்ணி எழுதவேண்டாம். 2021 யூலை 8ஆம் திகதிய 2235/54 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் புதியவை வந்துவிட்டன. உங்கள் நகரம் அந்தச் சட்டத்தின்கீழ்ப் பிரகடனப்படுத்தப்பட்டதா என்பதையும் வர்த்தமானியில்தான் பார்க்கவேண்டும்.

நூலகத்தில் கிடைக்காதது அபிவிருத்தித் திட்ட வரைவு, கட்டட அனுமதி எண்ணிக்கை, வடிகால் வரைபடம். இவற்றுக்கு 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம், தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். அதற்குப் பிறகும் ஆவணம் கைக்கு வர நாளெடுக்கும். 'நகர அபிவிருத்தி விபரங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான துண்டுப் பிரசுரம் வரும். எந்தக் கிராம அலுவலர் பிரிவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த வகைக் கட்டடம் என்று கேளுங்கள். விண்ணப்பத்தை ஆய்வின் முதல் வாரத்திலேயே போட்டுவிட்டு, பிறகு தட்டுகளுக்குப் போங்கள்.