பதிவேட்டில் பழனிசாமி மூன்று பேர்

நம் பள்ளியின் வருகைப் பதிவேடு எல்லோருக்கும் நினைவிருக்கும். "பழனிசாமி" என்று மட்டும் கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். அதனால் எம். பழனிசாமி, சி. பழனிசாமி என்று இனிஷியலோடுதான் அழைப்பு. பின்னாலேயே நாச்சிமுத்து, மாரப்பன், சின்னசாமி. பெண்கள் பக்கம் ராமாத்தாள், கருப்பாத்தாள், பழனியம்மாள். இன்றைய பதிவேட்டில் கவின், நித்திலன், யாழினி.

கொங்கு நாட்டில் பேர் வைப்பது அன்று ஒரு கடமை. மூத்தவனுக்கு அப்பாரு (அப்பாவின் அப்பா) பேர், அடுத்தவனுக்கு அப்புச்சி (அம்மாவின் அப்பா) பேர். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பேர் திரும்பி வரும். புதுப் பேருக்கு அங்கே இடமே இல்லை. போதாததற்கு எல்லாமே சுற்றுவட்டாரச் சாமி பேர். வெள்ளிங்கிரி, மருதாசலம் என்றால் கோவைக்கு மேற்கே. ரங்கசாமி காரமடைப் பக்கம், அர்த்தநாரி திருச்செங்கோடு, கருணாம்பிகை அவினாசி. பேரைக் கேட்டே ஊரை ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளையையே பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல் மணி, ராசு, கண்ணு என்று ஒரு வீட்டுப் பேர் வைத்துக்கொண்டார்கள். வீட்டுப் பேருக்குக் கட்டுப்பாடு கிடையாது, பிடித்ததை வைக்கலாம். பின்னாளில் பள்ளியில் சேர்க்கும்போது அந்த வீட்டுப் பேரையே எழுதச் சொன்னார்கள். மாற்றம் நுழைந்த வாசல் அதுதான் என்பது என் கணிப்பு.

சில பேர்கள் காரணம் போனதால் போயின. அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்த வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து குப்புசாமி, குப்பம்மாள் என்று வைப்பார்கள். சாவு இதை வேண்டாமென்று விட்டுவிடும் என்ற நம்பிக்கை. 1977-ல் இந்தியா பெரியம்மை நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. பிள்ளை பிழைத்துவிடும் என்ற தைரியம் வந்த வீட்டில் குப்புசாமிக்கு வேலை இல்லை. பெற்றவளின் பயம் மொத்தமும் அந்த ஒரு பேரில் இருந்தது. அதைக் கேலிப் பேராக்கியது நம் தலைமுறை செய்த பிழை.

கடமை போய் விருப்பம் வந்ததும் பேருக்கு வயது வந்துவிட்டது. இரண்டு மூன்று இடத்தில் கேட்டால் இனிக்கும். தெருவுக்கு நாலு செந்தில்குமார் ஆனதும், அடுத்துப் பெறுகிறவர் வேறு தேடுவார். முழுப் பேரும் ஒரே நாளில் மறைவதில்லை. வால் ஒட்டிக்கொண்டே இருக்கும், முன்பாதி மாறும்: செந்தில்குமார், சதீஷ்குமார், பிரேம்குமார். பெண்களில் ஆத்தாள் அம்மாளாகி, மணியாகி, பிரியாவாகி, ஸ்ரீயில் வந்து நிற்கிறது. சுமதியும் மகேஸ்வரியும் அத்தைமார் பேராகிவிட்டதால் இப்போதைக்குத் திரும்பமாட்டார்கள். பேர் புதிதாகக் காதில் விழ, அதைச் சுமந்த தலைமுறை மறைய வேண்டும். அமெரிக்கக் குழந்தைப் பேர்ப் பட்டியலிலும் இதைப் பார்க்கலாம். 1970 முதல் 1984 வரை ஜெனிஃபர்தான் முதலிடம், பிறகு சரிவு. 1880-ல் மூன்றாமிடத்தில் இருந்த எம்மாவோ நெடுங்காலம் இறங்கிக் கிடந்து, 2014 முதல் 2018 வரை முதலிடத்தில் இருந்தது.

இப்போதைய பேர்களைத் தீர்மானிப்பதில் நட்சத்திர எழுத்துக்குப் பெரிய பங்கு. 27 நட்சத்திரம், நான்கு பாதம், ஆக 108 எழுத்து. பரணிக்கு லி, லு, லே, லோ. சுவாதிக்கு ரு, ரே, ரோ, தா. தமிழ் மரபில் ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் பழையவர்கள் இராமசாமி, அரங்கசாமி என்று எழுதினார்கள். பரணியில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ்ப் பேரும் வேண்டும், எழுத்தும் தப்பக்கூடாது என்றால் வழியே இல்லை. லோகித், லிகித் என்றுதான் போய் முடியும். காதில் ஓதும் பேரை அந்த எழுத்தில் வைத்துவிட்டு, பதிவுக்கு விரும்பிய பேரைக் கொடுப்பதே நல்லது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இனிஷியல். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பேருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானம் வந்தது. பட்டம் போனது நம் பெருமை. ஆனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் கட்டத்துக்கு எழுத ஒன்றும் மிஞ்சவில்லை. முழுப் பேரையும் ஒரே கட்டத்தில் போட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பேர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகிறது. ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் 2022 நவம்பரில் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஊரில் பிரசவம் என்றால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பேரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. அப்போதே இனிஷியலை விரித்து எழுதிவிடுங்கள். எண் கணிதத்துக்காக ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டினால் எல்லா ஆவணத்திலும் கூட்டுங்கள். ஒன்றில் விட்டாலும் பிறகு அரசிதழ் வரை அலைய வேண்டும். அப்பா பேரா, அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பேராக நிற்கும் அப்பாரு பேரா என்பதை முதல் குழந்தைக்கே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அக்கா யாழினி பழனிசாமி, தம்பி கவின் செந்தில்குமார் என்று ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பேர் ஆகிவிடும்.