பி.பி.எல். படிக்கப் போகிறீர்களா? முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள்

தனியார் விமானி உரிமத்துக்கு, அதாவது பி.பி.எல்.லுக்கு, 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, குறைந்தது 40 மணி நேரப் பறத்தல் இவ்வளவும் வேண்டும். ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கேட்பது கமர்ஷியல் உரிமத்துக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'நமக்கு எட்டாது' என்று ஒதுங்கிவிட வேண்டாம்.

பயிற்சிக்குப் பெரும்பாலும் வெளியூர்தான் போக வேண்டியிருக்கும். அங்கே இன்ஜின் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. தரையில் படித்துவிடக்கூடிய விஷயத்தை மேலே போய்ப் படிப்பது வீண் செலவு. வட சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

பள்ளியில் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். டி.ஜி.சி.ஏ., அதாவது மத்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அங்கீகரித்த மருத்துவர்தான் செய்ய வேண்டும். புள்ளி வட்டத்துக்குள் எண்ணைப் படிக்கச் சொல்லும் நிறப்பார்வைச் சோதனையில் சிலருக்குத் தடங்கல் வரும்; அது பணம் கட்டிய பிறகு தெரியக் கூடாது. இன்னொன்று, நம்ம ஊர் இனிஷியல். மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், ஆதாரில் வேறு வரிசை என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். முதலில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குங்கள்.

இப்போது காற்று. வட சென்னைக்காரர்களுக்கு வசதி என்று சொன்னது இதுதான்: கடல் பக்கத்திலேயே இருப்பதால், மொட்டை மாடியில் நின்றே காசில்லாமல் காற்றைப் படிக்கலாம். மார்ச் கடைசியிலிருந்து கோடை முழுக்க, காலையில் தரைக்காற்று மேற்குப் பக்கமிருந்து வரும். உச்சி வெயில் ஏறும் நேரத்தில் கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே நுழையும். காசிமேட்டில் விசைப்படகுக் கொடியைப் பார்த்தால் காற்று திரும்பும் நேரம் தெரியும். அப்போதே மேலே மேகத்தையும் பாருங்கள். கொடி மேற்கு நோக்கிப் பறக்கும், மேகம் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கும். கடல்காற்று தரையோடு ஒட்டிய அடுக்கு. அதற்கு மேலே வேறு காற்று. இறங்கி வரும் விமானம் இந்த இரண்டையும் தாண்டித்தான் ஓடுபாதைக்கு வர வேண்டும். காலையில் எதிர்க்காற்றாக இருந்த அதே பாதையில், காற்று திரும்பியது தெரியாமல் இறங்கினால் அது வால்காற்று, பின்னாலிருந்து தள்ளும் காற்று. செஸ்னா 172எஸ் என்ற பயிற்சி விமானத்தின் கையேட்டின்படி ஒவ்வொரு 2 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல், சுமார் 1.85 கி.மீ.) வால்காற்றுக்கும் இறங்கும் தூரம் 10 சதவீதம் கூடும். 10 நாட் என்றால் ஒன்றரை மடங்கு.

மாடியில் கணித்ததை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வானிலை அறிக்கையோடு, அதாவது மெட்டாரோடு, ஒப்பிடுங்கள். அதில் நேரம் 0830 என்றிருந்தால் அது கிரீன்விச் நேரம்; ஐந்தரை மணி கூட்டினால் நம் பிற்பகல் 2 மணி. 09012 என்றால் 90 பாகையிலிருந்து, அதாவது நேர் கிழக்கிலிருந்து, 12 நாட். ஓடுபாதை 07 என்றால் 70 பாகை, வித்தியாசம் 20. பக்கக்காற்று சுமார் 4 நாட், எதிர்க்காற்று 11. வித்தியாசம் 30 பாகையானால் காற்றில் பாதி பக்கக்காற்று, 45 ஆனால் பத்தில் ஏழு பங்கு. இதைத் தினமும் மனக்கணக்காகப் போட்டுப் பழகுங்கள். வழிகாணலிலும் இதே கணக்குதான். 90 நாட் வேகத்தில் வடக்கே போகும்போது கிழக்கிலிருந்து 15 நாட் அடித்தால் விமானத்தின் மூக்கைச் சுமார் 10 பாகை காற்றுப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அரை மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் மேற்கே தள்ளிப் போயிருப்பீர்கள். கிட்டத்தட்ட ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் உள்ள தூரம். தனியாகப் பறக்க வேண்டிய நீண்ட பயணம் 150 நாட்டிக்கல் மைல், இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி நின்று போக வேண்டியது. அங்கே இந்தப் பிழைக்கு இடமில்லை.

கடலோர ஈரம் பெட்ரோல் டாங்கிலும் வேலை செய்யும். பாதி காலியான டாங்கில் இரவில் ஈரக்காற்று குளிர்ந்து நீர் கோக்கும். 172எஸ்ஸில் 13 வடிகால் முனைகள்: இறக்கைக்கு ஐந்தாகப் பத்து, விமான உடலின் அடிப்பக்கத்தில் மூன்று. ஒவ்வொன்றிலும் சோதனைக் கோப்பையை அழுத்திக் கொஞ்சம் பெட்ரோல் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோல் வெளிர் நீலம். தண்ணீர் கனம் என்பதால் அடியில் நிறமற்ற குமிழாக உருளும். மாணவர்கள் ஏமாறுவது வேறு இடத்தில்: கோப்பை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் நடுவில் கோடே தெரியாது, 'சுத்தமாக இருக்கிறது' என்று கொட்டிவிடுவார்கள். வெள்ளைப் பரப்புக்கு முன்னால் பிடித்து நீலம் இருக்கிறதா என்று பாருங்கள், மோந்தும் பாருங்கள். தண்ணீர் வந்தால் வருவது நிற்கும் வரை வடியுங்கள். நிற்கவில்லை என்றால் அன்றைக்குப் பறக்கக் கூடாது.

செஸ்னா 152 போன்ற பயிற்சி விமானங்களின் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) இன்ஜினில் அதே ஈரம் பனிக்கட்டியாகும். வெளியே 30 டிகிரி வெயில் இருந்தாலும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் பெட்ரோல் ஆவியாகும்போது 30 டிகிரிக்கு மேல்கூடக் குளிரலாம். இன்ஜின் சுழற்சி மெதுவாக இறங்கும், கை த்ராட்டிலை, அதாவது இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, அறியாமல் கூட்டிக்கொண்டே போகும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் பிடியை முழுசாக இழுங்கள். கட்டி உருகும்போது இன்ஜின் கொஞ்சம் தடதடக்கும். பயந்து திரும்ப உள்ளே தள்ளிவிடாதீர்கள். சீராகும் வரை விட்டுவைக்க வேண்டும்.

இறங்கும்போது கண் மூக்குக்கு அருகே நிலைத்தால் உயரம் தெரியாது. பார்வை பாதையின் தூர முனையில் இருக்கட்டும். சக்கரம் தொடும் முன் விமானம் மேலே மிதந்து எழுந்தால் மூக்கைக் கீழே குத்தாதீர்கள், முன்சக்கரம்தான் அடி வாங்கும். இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறுங்கள்: த்ராட்டிலை முழுசாகக் கொடுத்து, கார்ப் ஹீட்டை உள்ளே தள்ளி, ஃப்ளாப்பை (இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் கீழே விட்ட பலகையை) 20 பாகைக்கு ஏற்றுங்கள். வேகமும் உயரமும் பிடித்த பிறகு மீதி ஃப்ளாப்பைப் படிப்படியாக எடுக்கலாம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுத்தால் விமானம் பாதையிலேயே உட்கார்ந்துவிடும்.