முசேயிடம் திருப்பிக் கொடுக்காத இசைத்தட்டு

நமக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஆசிரியர், நம் முசே, காலமான செய்தி போன மாதம் புதுச்சேரியிலிருந்து வந்தது. "சங்க மலருக்கு ரெண்டு வரி எழுதுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். எனக்கு நினைவில் நிற்பது ஒரே ஒரு திக்தேதான், அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதும் பிழைத்தேர்வு.

1980. ஐந்து தப்புக்கு சைபர் என்று நடுங்கிக்கொண்டிருந்தோம். முசே அன்று பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. தோல்பையிலிருந்து இரட்டை இசைத்தட்டு ஒன்றை எடுத்தார். 'ஸ்டார்மானியா' என்ற ராக் இசைநாடகம். மிஷேல் பெர்ஜே இசை, கனடாவின் கெபெக்காரர் லுக் பிளாமோந்தோன் வரிகள், 1978இல் வந்தது. கதையில், மேற்குலகம் முழுக்க ஒரே நாடாகிவிட்ட காலம், தலைநகர் மொனோபோலிஸ். கோபுர உச்சியில் வாழும் கோடீஸ்வரன் ஸெரோ ஜான்வியே அதிபராகத் துடிக்கிறான். கீழே தெருவில் ஜானி ராக்ஃபோர்ட்டின் கும்பல். பிரெஞ்சுப் பாட்டு என்றால் பழைய பாடகி எடித் பியாஃப் என்றிருந்தவர்கள் நாம். ஷான்சோன் எனும் அந்தப் பிரெஞ்சுப் பாட்டு மரபுக்கே உரிய அந்தச் சொல்சுத்தம் கெடாமல், கூடவே மின்கிதார் உறுமியதை அன்றுதான் கேட்டோம்.

திக்தேக்கு அவர் எடுத்தது மரி-ஜான் பாட்டு. நிலவறைக் காப்பிக்கடையில் எந்திரம்போல் பரிமாறும் பெண், என்றாவது ஒருநாள் வெயிலில் தக்காளி பயிரிடப் போய்விடுவேன் என்கிறாள். என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். பரிமாறுபவள் என்று பொருள்படும் 'செர்வஸ்' என்ற சொல் என் வாயில் உருளவில்லை. "இன்னொரு தரம்" என்றார். பதினோரு தரம். வகுப்பே சிரித்தது. நோட்டில் கண்ணீர் விழுந்து நீல மை பூத்தது.

மணி அடித்ததும் தட்டை என் கையில் வைத்தார். "கொண்டு போய்க் கேள்டா. காது பழகினா வாய் பழகும். பத்திரமாத் திருப்பிக் கொடு."

பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா மாமா வீட்டு ரெக்கார்டு பிளேயரில் தேயத் தேயக் கேட்டேன். அப்புறம் பாரிஸ். உணவகத்தில் இரவெல்லாம் தட்டுக் கழுவி, விடியற்காலை முதல் மெட்ரோவில் உட்காரும்போது மரி-ஜான் யாரென்று புரிந்தது. எங்கள் கொல்லையிலும் அம்மா தக்காளி போட்டிருந்தார்.

1986 ஜனவரியில், ஜானியாகப் பாடிய தனியேல் பலவுவான் மாலி நாட்டில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். அன்றிரவு முசேக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அரைப்பக்கத்தோடு நின்றுபோனது.

'செர்வஸ்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அப்பா அசல் பிரெஞ்சுக்காரர்போல் சொல்கிறார் என்பாள் என் மகள். அது முசே கொடுத்தது. அவரிடம் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆறு முறை ஊருக்குப் போனேன். ஆறு முறையும் தட்டைப் பெட்டியில் வைத்து, வழியில் உடைந்துவிடும் என்று பயந்து வெளியே எடுத்துவிட்டேன்.