படகோரத்தில் கடைசி நான்கு அடி

வலது தோளைத் தூக்க முடியவில்லை. கட்டைவிரலில் தூண்டில் நரம்பு அறுத்த காயம் இன்னும் எரிகிறது. நேற்று நள்ளிரவுதான் சிகாகோ திரும்பினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே ஹேவர்ட் என்ற சிறிய ஊரில் மஸ்கி மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன். வழி, தங்குமிடம், செலவு, மீன்பிடிப்பு என்று வரிசையாகச் சொல்வதாகப் போவதற்கு முன்பே நண்பர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கெல்லாம் முன்னால் ஒரு வார்த்தை: கையிலிருக்கும் காசைத் தூண்டிலிலும் பொய் இரையிலும் கொட்டாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு நல்ல கைடை அமர்த்திக்கொள்ளுங்கள்.

வழியைச் சொல்கிறேன். சிகாகோவிலிருந்து மினியாபொலிஸ் வரை பஸ். டிக்கெட் 42 டாலர்தான் என்று மகிழ்ந்துபோய் ஏறினேன். ஏசி ஒரே குளிர், கழிப்பறைக் கதவு மூடவில்லை, என் இருக்கை அதற்கு இரண்டு வரிசை முன்னால். எட்டு மணி நேரம் என்று சொன்ன பயணம் பத்தேகால் மணி நேரம் இழுத்தது. நடுவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஓட்டுநர் மாறுவதற்காக ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். ஏன் நிற்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு பேராகப் போனால் காரிலேயே போய்விடுங்கள், பெட்ரோல் செலவு ஏறக்குறைய அதே அளவுதான் வரும். மினியாபொலிஸில் அத்தான் காத்திருந்தார். பெரியப்பா மகளைக் கட்டியவர், அங்கேயே பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறார். அங்கிருந்து ஹேவர்ட் அவருடைய காரில் இரண்டரை மணி நேரம்.

மஸ்கி என்னும் மஸ்கெலஞ்ச், பைக் என்ற நன்னீர் வேட்டை மீனின் நெருங்கிய உறவு. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். 1955 முதல் விஸ்கான்சினின் மாநில மீன் இதுதான். நான்கு அடிக்கு மேல் வளரும், வாத்துக் குஞ்சையும் விழுங்கும். பைக்கையும் மஸ்கியையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறம் பார்த்தால் போதும்: பைக்குக்குக் கரும்பச்சை உடம்பில் வெளிர் புள்ளிகள், மஸ்கிக்கு வெளிர் உடம்பில் கரும் பட்டைகள். பத்தாயிரம் முறை வீசினால் ஒன்று கிடைக்கும் என்று இங்கே காலங்காலமாகச் சொல்கிறார்கள்.

நாங்கள் மீன் பிடித்தது சிப்பவா ஃப்ளோவேஜில். ஊர்க்காரர்கள் ‘பிக் சிப்’ என்கிறார்கள். 1923இல் அணை கட்டித் தேக்கிய நீர். 15,000 ஏக்கருக்கு மேல் பரப்பு, ஏறக்குறைய 200 தீவுகள். தண்ணீர் கட்டஞ்சாயா நிறம். அந்த அணைக்குள் ஒஜிப்வே மக்களின் ஊரும் இடுகாடும் காட்டரிசி விளைந்த நீர்ப்பரப்பும் மூழ்கின. அவர்கள் எதிர்த்தும் கட்டினார்கள். மீன்பிடிக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வண்ணத் தாள்களில் இது ஒரு வரியாவது இருக்க வேண்டும். என் கைக்கு வந்த இரண்டிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை கைடு இல்லாமல் நாங்களே போனோம். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்பது என் யோசனை. படகு வாடகை 150 டாலர் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். திருப்பிக் கொடுக்கும்போது எரிபொருளுக்கு 34, கழுவுவதற்கு 30 என்று சேர்த்து 214 டாலர் கேட்டார் படகுக்காரர். ஒரு மீன்கூட ஏறாத படகில் கழுவ என்ன இருந்தது? வாடகைத் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது என்று காட்டினார். இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. எடுக்கும்போதே “எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று அன்று மாலை நடந்தது. வீசி வீசிக் களைத்து, இரையை வேகமாகச் சுற்றி இழுத்துத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். தூக்கிய இடத்தில், இரண்டு சாண் ஆழத்தில், நீண்ட பழுப்பு உருவம் ஒன்று நின்றது. கண் தெரிந்தது. செவுள் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு கட்டை தாழ்வதுபோல மெல்லக் கீழே போய்விட்டது. அத்தான் “வீசு, வீசு!” என்று கத்தினார். எனக்குக் கை வரவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை இரவென்றால் பொரித்த மீன். சாலையோர உணவகம் ஒன்றில் இடமில்லாமல் முக்கால் மணி நேரம் நின்றோம். வால்ஐ மீன் துண்டுகள், மெல்லிய மாவு உறை, கடித்தால் முதலில் ஒரு நொறுக்கு, அதற்குப் பிறகு வெண்ணெய்போலச் சதை. கூடவே உருளைக்கிழங்கு அடை, முட்டைக்கோஸ் கலவை, கம்புரொட்டிக்கு அண்ணன்போல ஒரு கறுத்த ரொட்டி. ஆனால் நான் மறுபடி கேட்டு வாங்கியது காட்டரிசி சூப். பெயரில்தான் அரிசி, நீரில் வளரும் வேறொரு புல்லின் நீண்ட கறுப்பு மணி அது. இருவர் சிறு படகில் போய், ஒருவர் படகைத் தள்ள, மற்றவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டிப் படகுக்குள் உதிர்ப்பார்கள். வெந்தாலும் பல்லில் தட்டுப்படும். புகைவாசம் உண்டு. இருவருக்கும் சேர்த்து 46 டாலர் ஆனது. ஒரு காசுகூட வீணில்லை.

விடுதிக்குத் திரும்பியபோது பக்கத்துக் குடிலின் வாசலில் எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா விளக்கடியில் உட்கார்ந்து தூண்டில் முள்ளை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எட்டுப் போட்டீர்களா?” முள் கூர்மையா என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதிலை எதிர்பார்க்கவில்லை, என் இரையை வாங்கி முள்முனையைத் தன் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வைத்து லேசாக இழுத்தார். முள் நகத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. தீட்டிய முள்ளை அதேபோல் வைத்தார். வெள்ளைக் கோடு கிழித்து அங்கேயே நின்றது. “மஸ்கியின் வாய் எலும்பு. வழுக்கும் முள்ளோடு போனால் பிடிபடாது” என்று சொல்லி அரத்தை என்னிடம் நீட்டினார். கடையில் புதிதாக வாங்கிய முள் கூர்மையாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். இருபத்தேழு டாலர் கொடுத்த இரை அது.

சனிக்கிழமை கைடு. முழு நாளுக்கு 500 டாலர், அன்பளிப்பு 100. இருவரும் பாதிப் பாதி. தூண்டில் கோல், ரீல், வலை எல்லாம் அவருடையவை, நான் கொண்டுபோன இரையைத் தவிர. நாற்பது ஆண்டுகளாக இதே தண்ணீரில் இருக்கிறவர். விடியற்காலையில் கிளம்புவோம் என்று நினைத்தேன். பதினொன்றரைக்கு வரச் சொன்னார். அன்று சந்திரன் உதிப்பது மாலை ஏழு மணிக்குச் சற்று முன்னால், சூரியன் மறைவது ஏழேகால் சுமாருக்கு. அந்த நேரத்துக்கு நாம் தண்ணீரில் இருக்க வேண்டும், கையில் தெம்பும் மிச்சமிருக்க வேண்டும் என்றார். என் தாத்தா பஞ்சாங்கம் பார்த்ததைப்போல அவரும் ஒரு தாள் வைத்திருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் ஒரு முறைகூட வீசவிடவில்லை. படகோரத்தில் நின்று எட்டுப் போடச் சொன்னார். இதுதான் நான் முந்திய நாள் செய்யாமல் விட்டது. மஸ்கி இரையைத் துரத்திக்கொண்டு படகு வரை வரும், வந்து பார்க்கும். இரை நின்றாலோ மேலே ஏறினாலோ போய்விடும். எனவே நரம்பு முடிகிற இடத்தில் ஒன்றரை அடி மிச்சம் வைத்து, கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, இரையைப் பெரிய எட்டாகச் சுற்ற வேண்டும். நான்கு அடி நீளமுள்ள உடம்பால் சட்டென்று திரும்ப முடியாது, ஆகவே வளைவு அகலமாக இருக்க வேண்டும். வளைவில் இரையைக் கொஞ்சம் மேலே தூக்கி வேகம் கூட்ட வேண்டும். சொல்ல எளிது. என் எட்டுகள் எல்லாம் இடியாப்பச் சிக்கலாக இருந்தன. “தண்ணீரின் மேற்பரப்பைப் பார்க்காதீர்கள். இரைக்குப் பின்னால் ஓர் அடி தள்ளிக் கீழே பாருங்கள்” என்றார். வெயில் கண்ணாடி போடாமல் மஸ்கிக்கு வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார் என்றும் சொன்னார். அவரிடமிருந்த ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

பிறகு வீசத் தொடங்கினோம். எட்டரை அடிக் கோல், 80 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, பல்லில் அறுபடாமல் இருக்க முனையில் கம்பி. இரட்டைத் தகடு சுழலும், வாலில் மயிர்க்குஞ்சம் கட்டிய பெரிய இரை; இழுக்கும்போது தகடுகளின் அதிர்வு முழங்கை வரை வரும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எட்டு. மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எட்டு. காரைக்குடிப் பக்கக் கண்மாயில் விராலுக்கு ரப்பர் தவளை வீசி வளர்ந்தவன் நான். அங்கே இரை வந்து விழுகிற இடத்தில்தான் உயிர். பாதித் தூரம் இழுத்ததும் அடுத்த வீச்சுக்குத் தூக்கிவிடலாம். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போக மாலையாகிவிட்டது.

பகல் முழுவதும் மீன் இல்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். கோடையில் தண்ணீரின் சூடு 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் மஸ்கிக்குப் படகை எடுக்க மாட்டாராம். சூட்டில் போராடிய மீன், நீந்திப் போவதுபோல் போய், கண்ணுக்குத் தெரியாமல் செத்துவிடும் என்றார். வருமானம் தரும் மாதத்தில் படகைக் கட்டிப்போடுகிற இந்த ஆள்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

ஆறே முக்கால். அகன்ற இலை நீர்ச்செடிகள் முடிகிற ஓரம். காற்று அடங்கியிருந்தது. என் வீச்சு முடிந்து எட்டின் முதல் வளைவு போட்டேன், ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவில் இரைக்குப் பின்னால் தண்ணீர் தடித்ததுபோல் இருந்தது. “வேகத்தைக் குறைக்காதீர்கள்” என்றார் கைடு, மிகத் தாழ்ந்த குரலில். மூன்றாவது வளைவில் வெள்ளையாக ஏதோ திறந்தது. வாய்! கோல் தண்ணீருக்குள் மடங்கியது. மேலே தூக்காமல் பக்கவாட்டில் இழுக்க வேண்டும் என்று காலையிலிருந்து முப்பது முறை சொல்லியிருந்தார், கை தானாகப் பக்கவாட்டில் போனது. தண்ணீர் முகத்தில் அடித்தது. அத்தான் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மீன் வலைக்குள் இருந்தது.

வலை படகுக்குள் வரவில்லை. தண்ணீரிலேயே தொட்டி போல நின்றது, மீன் அதற்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூன்று முட்களில் ஒன்று செவுளுக்குப் பக்கத்தில் ஆழமாக ஏறியிருந்தது. கைடு குறடால் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். உடனே கம்பி வெட்டும் கட்டரை எடுத்து முள்ளை நறுக்கென்று வெட்டினார், ஒன்று, இரண்டு, மூன்று. இரவெல்லாம் நான் தீட்டிய முட்கள். மீன் விடுபட்டுவிட்டது. அளந்தோம்: 37 அங்குலம். விஸ்கான்சினின் பெரும்பாலான நீர்நிலைகளில் வைத்துக்கொள்ளக் குறைந்தது 40 அங்குலம் வேண்டும். எப்படியும் அவர் படகில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு படம், ஐந்து நொடி. வாலடியைப் பிடித்துத் தண்ணீரில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளச் சொன்னார். உள்ளங்கைக்குள் அந்த உடம்பு ஒருமுறை இறுகியது, கையை உதறிவிட்டுப் போய்விட்டது. நான் படகின் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஹேவர்டில் இருக்கும் நன்னீர் மீன்பிடிப்பு அருங்காட்சியகம் போனோம். 143 அடி நீள மஸ்கி சிலை, உள்ளே படியேறி அதன் திறந்த வாயில் நின்று ஊரைப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் விடக் கூடாது. 1949இல் பிக் சிப்பில் லூயி ஸ்ப்ரே பிடித்ததாகச் சொல்லும் 69 பவுண்டு 11 அவுன்ஸ் மீனைத்தான் இவர்கள் உலகச் சாதனை என்கிறார்கள். பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கமோ அதே ஆண்டு பக்கத்து லாகூடரே ஏரியில் கால் ஜான்சன் பிடித்த 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீனை ஏற்கிறது. இந்தச் சண்டை ஊர் டீக்கடையில் இன்றும் நடக்கிறது. எனக்கு இரண்டிலும் மனம் போகவில்லை. முப்பத்தேழு அங்குலம் உள்ளங்கையில் இன்னும் இருந்தது.

செலவு: எல்லாம் சேர்த்து எனக்கு 690 டாலர் ஆனது. படகு வாடகையில் என் பங்கான 107ஐ விட்டிருந்தால் அடுத்த முறைக்கு அரை நாள் கைடு கூலியில் பாதி கையில் இருந்திருக்கும்.

கிளம்பும்முன் பக்கத்துக் குடிலுக்கு அரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த அம்மா வாங்கவில்லை. முள் வெட்டுப்பட்ட இரையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், தகட்டில் விழுந்திருந்த பல் தடத்தை விரலால் தடவினார். தன் பெட்டியிலிருந்து புது மும்முள் ஒன்றை எடுத்து மாட்டி என்னிடம் கொடுத்தார். நகத்தில் வைத்துப் பார்த்தேன். வழுக்கியது. பஸ் ஏறும்வரை தீட்டிக்கொண்டே வந்தேன்.