டேட்டாபேஸ் திரும்ப வந்தும் வேலையைத் தொடங்காத சர்வீஸ்

எங்கள் சர்வரில் பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒன்று, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அனுப்பும் நோட்டிஃபைக்காக, அதாவது புது வேலை வந்ததைச் சொல்லும் அறிவிப்புக்காகக் காத்திருக்கும். வந்ததும் டேபிளில் உள்ள வேலைகளை எடுத்து முடிக்கும். டேட்டாபேஸை முறையாக ரீஸ்டார்ட் செய்தால் உடனே மறுபடி இணைந்துவிடும். ஆனால் டேட்டாபேஸ் இருந்த மெஷின் திடீரென்று அணைந்து, வேறொரு மெஷின் பொறுப்பேற்றபோது சர்வீஸ் அப்படியே நின்றுவிட்டது. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியைக் கேட்டால் ஓடுகிறது என்றது. லாகில் ஒரு எரர்கூட இல்லை.

அந்த எரர் இல்லாததுதான் துப்பு. மறுபடி இணைக்கும் கோடு எரர் வந்தால்தான் விழிக்கும். நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால், செத்துப்போன மெஷினுக்கான கனெக்‌ஷன் இன்னும் எஸ்டாப் (இணைப்பில் உள்ளது) என்றே இருந்தது. முறையாக நிறுத்தினால் எதிர்ப்பக்கம் ஃபின் பாக்கெட் அனுப்பி விடைபெறும். சட்டென்று அணைந்த மெஷினால் அது முடியாது. நாம் எதுவும் அனுப்பாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால், லினக்ஸின் இயல்பு அமைப்பில் எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் முதல் கீப்அலைவ் பாக்கெட் போகவே 7200 நொடி ஆகும். அப்புறம் 75 நொடிக்கு ஒன்றாக 9 முறை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது!

இதை ரீஸ்டார்ட் செய்து சோதிக்க முடியாது. டெஸ்ட் சர்வரில் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் மூலம் போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டின் பாக்கெட்டுகளை டிராப் செய்தேன், அதாவது சத்தமில்லாமல் கைவிட்டேன், சிக்கல் அப்படியே வந்தது. இங்கே ரிஜெக்ட் போடக் கூடாது. அது மறுப்புப் பதில் அனுப்பிவிடும், சத்தமில்லாமல் செத்த மெஷின் போல இருக்காது.

சரி, தீர்வு. கனெக்‌ஷன் அமைப்பில் கீப்அலைவ் ஐடில் (முதல் கீப்அலைவுக்கு முன் காத்திருப்பு) 30 நொடி, இன்டர்வல் (இடைவெளி) 10 நொடி, கவுண்ட் (எத்தனை முறை) 3 என்று வைத்தேன். சுமார் ஒரு நிமிடத்தில் எரர் வந்தது, பழைய கோடே இணைத்துக்கொண்டது. மறுமுயற்சிகளுக்கு இடையே கொஞ்சம் ரேண்டமான இடைவெளியும் சேர்த்தேன். வேலைகளைச் செய்யும் எல்லா வொர்க்கரும் ஒரே நொடியில் பாய்ந்தால் புது டேட்டாபேஸ் திணறும்.

பலர் விட்டுவிடும் இடம் இனிமேல்தான். புது கனெக்‌ஷனுக்குப் பழைய லிசன், அதாவது நோட்டிஃபைகளைக் கேட்கப் பதிவு செய்யும் கட்டளை, தெரியாது. மறுபடி சொல்ல வேண்டும். இடைப்பட்ட நேரத்து நோட்டிஃபைகளும் திரும்ப வராது. அதனால் முதலில் லிசன், அது கமிட் ஆகி நடைமுறைக்கு வந்த பிறகு டேபிளில் தேங்கிய வேலைகளைத் தேடுவது என்று வரிசைப்படுத்தினேன். மாற்றிச் செய்தால், தேடி முடித்ததற்கும் லிசனுக்கும் நடுவில் விழும் வேலை, அடுத்த நோட்டிஃபை வரும்வரை கிடப்பிலேயே இருக்கும்.